அப்பா தட்டுவார், அம்மா கேட்பார்

புதிதாகக் கல் பதித்த தளத்தைக் கொத்தனார்கள் மறுநாள் தட்டிப் பார்ப்பார்கள். கொத்துக்கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெல்லத் தட்டினால், அடியில் கலவை நிறைந்த இடம் கட்டையாக ஒலிக்கும். கலவை சேராமல் காற்று நின்ற இடம் ‘டொக்’ என்று வெறுமையாக ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் கல் அன்றைக்கு எத்தனை அழகாக இருந்தாலும், என்றோ ஒரு நாள் அதன்மேல் யாராவது கனமான பெட்டியை இறக்கும்போது விரிசல் விட்டுவிடும். என் அப்பா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செட்டிநாட்டு வீடுகளில் தளம் போட்டவர். ஆனால் அந்த இரண்டு ஒலிகளையும் அவரால் பிரித்தறிய முடியாது. 1971 போரில் அவருடைய வலது காது முழுவதுமாகப் போயிற்று. இடது காதில் பாதி மிஞ்சியது. ஆகவே அப்பா தட்டுவார், அம்மா கேட்பார். முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே அவர் தட்ட, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நடந்து வரும் அம்மா, “சரி, சரி, சரி, இது இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே வருவார். ‘இல்லை’ என்ற கல்லின் மேல் அப்பா சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்க வேண்டிய கல் அது. அம்மாவின் தீர்ப்பை அவர் மறுத்து நான் பார்த்ததில்லை.

2024 ஜனவரியில் அப்பா காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஊர்க்காரர்கள் அவரை ‘மிலிட்டரிக்காரர்’ என்றார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் ‘கல்லுக்காரர்’ என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த மூன்று நாட்களும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இருவரும் அவருடைய முக்கியமான வேலையை விட்டுவிட்டுப் பேசுவதாகவே தோன்றியது. அந்த வேலை ஐம்பத்தோரு ஆண்டுகள் நடந்தது. அதை அருகிலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன்.

ஆத்தங்குடிக்கு அருகில் எங்கள் ஊர். ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், நகரத்தார் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்தவர். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி, பளிங்குபோல் சுவரை வழவழப்பாக்கும் வேலை அது. பர்மாவில் நகரத்தாரின் லேவாதேவி செழித்திருந்த காலத்தில் ஒரு வீட்டு வேலையே ஆண்டுக்கணக்கில் நீளுமாம். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு பணம் வரும் வழி அடைந்தது. போர் முடிந்தும் அது பழையபடி திறக்கவில்லை. புது வீடு கட்டுவோர் குறைந்துபோக, எங்கள் ஊர்க் கொத்தனார்கள் ஒழுகல் அடைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். 1944இல் பிறந்த அப்பா கையில் கரண்டி பிடிக்கும் வயதுக்கு வந்தபோது, பிடித்த கரண்டிக்கு வேலை இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்தில் பெருமளவில் ஆள் எடுத்தார்கள். 1963இல் அவர் பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார்.

1780இல் தொடங்கிய பழைய படைப்பிரிவு அது. அதன் மையம் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. அந்தப் படைவீரர்களை ‘தம்பிகள்’ என்று அழைப்பது மரபு. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது ஆகியவை சாப்பர்களின் வேலை. துப்பாக்கியோடு கூட ஆளுக்கொரு கைத்தொழிலும் அங்கே உண்டு. அப்பாவுக்குக் கொத்து வேலையே அமைந்தது. “ஊர்ல ஐயா திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தத, அங்க சம்பளம் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க” என்பார்.

1968இல், இரண்டு மாத விடுப்பில் வந்தபோது, கல்யாணம் நடந்தது. விடுப்பு முடிந்து திரும்பியவர், மனைவியின் பெயரை ஆவணத்தில் சேர்க்கும் படிவத்தில் ஒரு தவறு செய்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சல் முகவரியிட்டு வரும் கடிதங்களைப் பக்கத்துத் தெரு வாத்தியார் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்தாரும் வந்து கேட்பார்கள். இதை அறிந்த அப்பா, ஊரே கேட்பதற்கு ஏற்றபடிதான் எழுதுவார். ‘இவ்விடம் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். மணியார்டர் கிடைத்ததா? ஐயாவுக்கு மூட்டுவலி எப்படி? மழை உண்டா?’ இவ்வளவுதான். புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு மூட்டுவலியும் மழையும் எத்தனை மாதத்துக்குப் போதும்? அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டுச் சிறுமிக்குத் தினமும் ஒரு பணியாரம் கூலி என்று பேசி, அடுப்படியில் அரிசிமாவைப் பரப்பி எழுத்துக் கற்றுக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் கடிதத்தைத் தன் கையால் எழுதி அனுப்பினார்.

அப்பா அதற்குச் செய்த மறுமொழியை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. அம்மாவின் கடிதத்தில் இருந்த பிழைகளை எல்லாம் சிவப்பு மையால் திருத்தி, ‘றகரம் ரகரம் கவனிக்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா ஒரு மாதம் கடிதமே போடவில்லை. அதன் பிறகு அப்பாவிடமிருந்து வந்த கடிதத்தில் என்ன இருந்தது என்பதை அம்மா எங்கள் யாரிடமும் காட்டவில்லை. “இதுல பிழை திருத்த மாட்டேன்னு எழுதியிருந்தாரு” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். சொல்லும்போது அவருக்கு வயது அறுபது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

1971 டிசம்பர் 3ஆம் தேதி போர் தொடங்கியபோது நான் அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம். அப்பா மேற்கு முனையில், பாகிஸ்தான் பக்கத்து ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றங்கரையில் நடந்த சண்டை இன்று ராணுவ வரலாற்றில் பேசப்படுகிறது. இருபத்தோரு வயது அருண் கேத்தர்பால் பரம்வீர் சக்ரா பெற்றது அங்கேதான். அவரைப் போன்றவர்களின் டாங்கிகள் ஆற்றைக் கடந்து போக வேண்டுமானால், முதலில் யாராவது கண்ணிவெடி நிலத்தில் வழி எடுத்துக் கொடுக்க வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9ஆவது பொறியியல் படைப்பிரிவு அந்த வேலையைச் செய்தது. அப்பிரிவின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்தப் போரில் உயிரிழந்து மகாவீர் சக்ரா பெற்றார். டிசம்பர் 15ஆம் தேதி இரவு வழி முழுவதும் எடுத்து முடிவதற்குள்ளாகவே, அக்கரையில் காலூன்றியிருந்த காலாட்படைக்கு ஆபத்து என்று டாங்கிகள் கண்ணிவெடி நிலத்துக்குள் இறங்கிவிட்டன.

இவை எல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்பா அந்த இரவைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார், நான் கல்லூரியில் படிக்கும்போது. அதிலும் குண்டு, ரத்தம் எதுவும் இல்லை. மண்ணில் குப்புறப் படுத்து, குத்துக்கம்பியைச் சாய்வாகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டுவிடும். கம்பி எதிலாவது முட்டினால் அது கல்லா, வேரா, இரும்பா என்று விரல் சொல்ல வேண்டும். டிசம்பர் மாதப் பஞ்சாப் குளிரில் விரல் மரத்துப்போகும் என்பதால், நடுநடுவே கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வார்களாம். இதைத்தான் நெடுநேரம் விளக்கினார், ஏதோ தளம் போடும் முறையைச் சொல்லிக்கொடுப்பவர்போல. காது எப்படிப் போனது என்று கேட்டதற்கு, “பக்கத்துல ஒண்ணு விழுந்துச்சு. அதெல்லாம் எதுக்கு ஆத்தா” என்று எழுந்து போய்விட்டார்.

டிசம்பர் 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு மேற்கு முனையில் போர்நிறுத்தம். பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டு ஊர் ஓய்ந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் ஜனவரி நடுவில் கடிதம் வரும்வரை ஓயவில்லை. அந்தக் கடிதத்தில் காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னைப் பார்க்க விடுப்பில் வந்தவர், எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் இடது பக்கமே திரும்பியதைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவர் அப்பாவுக்கு இடப்பக்கமாகவே நடந்தார். கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் உட்காரும்போதும்கூட. புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன்; ஒன்றில்கூட மாறவில்லை.

1979இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றுத் திரும்பினார். கொத்து வேலைக்கே போயிருக்கலாம். ஆனால் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்டுக் கல், செய்யும் பட்டறை ஒன்றில் இரண்டு ஆண்டுகள் கூலிக்கு நின்று தொழில் கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டார்.

இந்தக் கல்லைச் சுடுவதில்லை என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவில் தடுப்புகள் உள்ள அச்சை இறக்கி, வெள்ளைச் சிமெண்டோடு சாயப்பொடி கரைத்த குழம்பை ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் கரண்டியால் ஊற்ற வேண்டும். பிறகு அச்சை நேர்க்குத்தாகத் தூக்க வேண்டும். கை நடுங்கினால் சிவப்பும் பச்சையும் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவை போட்டு மணியாசுக் கட்டையால் சமன் செய்வார்கள். ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் கிடத்தி, எடுத்து வெயிலில் வைத்தால், கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்துவிட்டுப் போவது. ஆக, செய்கிறவர் கடைசிவரை கல்லின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் கீழே கண்ணாடியில் கவிழ்ந்து கிடக்கும்.

அப்பா ஊற்றுவார், அம்மா தூவுவார். மணல் சலிப்பதும் தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பதும் அம்மா பொறுப்பு. சாயம் எவ்வளவு என்பதில் மட்டும் இருவருக்கும் தீராத சண்டை. அப்பாவுக்கு எதையும் நிறுத்து அளக்க வேண்டும். அம்மா கண்ணால் பார்த்தே போதும் என்பார். பெரும்பாலும் தராசைவிட அம்மாவின் கண்தான் சரியாக இருந்தது. இதை அப்பா வெளிப்படையாக ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அம்மா ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அவர் சாயம் கரைக்க மாட்டார், வெறும் வெள்ளைக் கல்லாகவே ஊற்றி வைப்பார். சிமெண்டு அரித்து அவருடைய விரலிடுக்குகள் புண்ணாகும். இரவு சாப்பாட்டுக்குப் பின் அம்மா தேங்காயெண்ணெய் காய்ச்சித் தடவுவார். அந்த நேரத்தில் நானும் தம்பியும் பாடப் புத்தகத்தோடு உள்ளே போய்விட வேண்டும் என்பது யாரும் சொல்லாத விதி.

எண்பதுகளில் மொசைக் வந்து எங்கள் தொழிலை விழுங்கப் பார்த்தது. பிறகு வழவழப்பான தொழிற்சாலைக் கற்கள் வந்தன. பல பட்டறைகள் மூடின. ஓய்வூதியம் இருந்ததால் நாங்கள் தாக்குப்பிடித்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழைய செட்டிநாட்டு வீடுகளை விடுதிகளாக்கும் பழக்கம் வந்த பிறகுதான் ஆத்தங்குடிக் கல்லுக்கு மறுவாழ்வு கிடைத்தது. எந்த வளவில் வேலை நடந்தாலும், தட்டிப் பார்க்கும் நாளன்று அம்மா சமையலை முடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவார். வீட்டு முதலாளிகள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் அம்மாவுக்கும் தனியாகக் கூலி கொடுக்க முன்வந்தபோது, அப்பா, “வேலையே அவங்களுதுதாங்க, நான் தட்டத்தான் செய்யிறேன்” என்றார்.

இனி அந்தப் படிவம். கல்யாணமான புதிதில் அப்பாவுக்குத் தெரிந்தது அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டுமே. அதையே எழுதிக் கொடுத்துவிட்டார். குலதெய்வத்தின் பெயரால் வைத்த முறையான பெயர் வேறு. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். இது முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2003இல் பக்கத்து ஊர் முன்னாள் ராணுவத்தார் ஒருவர் இறந்து, பெயர் வேறுபாட்டால் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காமல் அலைந்தபோதுதான் அப்பா தன் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அன்றிரவு அவர் தூங்கவில்லை.

அதற்குப் பின் ஆறு ஆண்டுகள். மாஜிஸ்திரேட் முன்னிலையில் பிரமாணப் பத்திரம், நாளிதழ்களில் பெயர் விளம்பரம், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, கூட்டாக எடுத்த புகைப்படம். ஓர் அலுவலகத்தில் கோப்பைத் தொலைத்துவிட்டு, நீங்கள் கொடுக்கவே இல்லை என்றார்கள். அப்பா சத்தம் போடவில்லை. அடுத்த முறையிலிருந்து எதையும் மூன்று படிகளாக எடுத்து, கொடுத்த ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கேட்காத காதோடு அலுவலக ஜன்னல்களின் முன் நின்று, உள்ளிருப்பவர் சொல்வதை உதட்டசைவில் படித்து, அதைத் தாளில் எழுதிக் காட்டி ‘இதுதானே சொன்னீர்கள்?’ என்று கேட்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். 2009இல் அம்மாவின் சரியான பெயரோடு திருத்தப்பட்ட ஓய்வூதிய ஆணை வந்தது. அம்மா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதுக்கா இத்தனை அலைச்சல்? நீங்க போனப்புறம் நான் இருந்து என்ன பண்ணப் போறேன்” என்றார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அல்லது விழாததுபோல் இருந்துவிட்டார்.

2011இல் அம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்து வந்தபின் அவரிடம் மிஞ்சிய சொல் ஒன்றே ஒன்று: “சரி.” பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வேண்டாம் என்றாலும் ‘சரி’தான். எந்தச் ‘சரி’ எதைக் குறிக்கிறது என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. பாதிக் காதுள்ள அப்பாவுக்கு விளங்கியது.

எட்டு ஆண்டுகள். இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பார், இரவிலும். அதை ஒரு நோட்டில் ராணுவக் கணக்கில் குறித்து வைத்தார்: ‘0200 இடப்பக்கம். 0400 வலப்பக்கம். 0600 கஞ்சி, அரை டம்ளர்.’ அம்மா உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. சக்கர நாற்காலி தடுக்காமல் போவதற்காக, தானே ஊற்றித் தானே பதித்த தாழ்வாரத்துப் பூக்கல் இரண்டு வரிசையை உடைத்துச் சரிவாக்கினார். அச்சு கைவசம் இருந்தும் அதில் பூப் போடாமல், சக்கரம் வழுக்காதபடி சொரசொரப்பான சிமெண்டைப் பூசினார். வெளி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒப்புக்கொண்டிருந்த ஒரு தளத்தை மட்டும் முடித்துக் கொடுத்தார். அதைத் தட்டிப் பார்க்க என்னை அழைத்துப் போனார். எனக்கு எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே ஒலித்தன. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல ஆத்தா” என்று சந்தேகம் வந்த பதினோரு கற்களையும் எடுத்துப் புதிதாகப் பதித்தார்.

இதை நான் வெறும் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அவர் வேறு யாரையும் அம்மாவைத் தொடவிடவில்லை. நான் அமர்த்திய செவிலியைப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார் என்று மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார். சென்னைக்கு வாருங்கள் என்று தம்பி காலில் விழாத குறையாகக் கேட்டும் அசையவில்லை. பெற்ற மகளான நான் அம்மாவுக்கு ஒரு கரண்டி கஞ்சி ஊட்டுவதற்குக்கூட அவருடைய நோட்டில் நேரம் இருந்தாக வேண்டும். அந்தக் கோபம் எனக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

2019இல் ஒரு விடியற்காலையில் அம்மா போய்ச் சேர்ந்தார். நோட்டில் அன்றைய நாலு மணிக் குறிப்பு இருக்கிறது. ஆறு மணிக் கட்டம் காலியாக இருக்கிறது.

அதன் பிறகும் அப்பா ஐந்து ஆண்டு நவம்பர்களில் வாழ்நாள் சான்று கொடுத்தார். சுதந்திர தினத்தன்று போர்ப் பதக்கங்களான பஷ்சிமி ஸ்டாரையும் சங்க்ராம் மெடலையும் குத்திக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தார். எண்பது வயது முடிந்தால் ஓய்வூதியத்தில் இருபது சதவீதம் கூடும் என்று கணக்குப் போட்டு, அதில் தொட்டியை இடித்துக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் குறைந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து, ஓய்வூதியத்தை நிறுத்துவதற்காக அவருடைய கோப்பை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பிரமாணப் பத்திரம், விளம்பரம், திருத்திய ஆணை, கூட்டுப் புகைப்படம் எல்லாம் மூன்று மூன்று படிகள், எண் போட்டு, நூலால் தைத்து. புகைப்படத்தில் அம்மா இடப்பக்கம்.

“இவ்வளவு சுத்தமா பேப்பர் வச்சு நான் பார்த்ததே இல்லைம்மா. எல்லாம் சரியா இருக்கு. அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா இன்னைக்கே போட்டுடலாம்” என்றார்.

நான் அம்மாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதற்கும் அப்பா மூன்று படிகள் எடுத்து வைத்திருந்தார்.